இடைவேளை விட்டாலும் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார்கள்

கேள்வி, 1 மார்ச் 2025

பிளஸ் டூ வணிகவியல் டியூஷன் எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை காலை 9.30-லிருந்து 1 மணி வரை ஒரே மூச்சு. நடுவில் பத்து நிமிஷம் விடுகிறேன். ஒருவரும் எழுந்திருப்பதில்லை. உட்கார்ந்த இடத்திலேயே ஃபோனைப் பார்க்கிறார்கள், இல்லாவிட்டால் பையின் மேல் தலை சாய்க்கிறார்கள். 12 மணிக்கு மேல் நான் சொல்வது எதுவும் ஏறுவதில்லை. “கொஞ்சம் எழுந்து நடங்களேன்” என்றால் சிரிக்கிறார்கள். நீளமான வகுப்பு எடுப்பவர்கள் என்ன செய்கிறீர்கள்?

2 மார்ச், இரவு

இதற்கு என்னிடம் பதில் இருக்கிறது டீச்சர். டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 பேட்சுக்குக் கணக்கு எடுப்பவன் நான். அறுபது பேர், உங்களைப் போலவே ஞாயிறு காலை மூன்றரை மணி நேரம். நான் கெஞ்சுவதெல்லாம் இல்லை. 11 மணி ஆனதும் “எல்லாரும் எழுந்திருங்க” என்று ஒரு சத்தம். கையைத் தூக்கு, இடுப்பைத் திருப்பு, இருபது முறை குதிகாலைத் தூக்கி இறக்கு. ஐந்து நிமிஷம். பள்ளிக்கூடத்து மாஸ் டிரில் மாதிரிதான்.

காரணமும் சொல்லிவிடுகிறேன். காலுக்கு இறங்கிய ரத்தத்தை மேலே ஏற்ற இதயம் ஒன்று மட்டும் போதாது. கெண்டைக்கால் தசை சுருங்கிச் சிரைகளைப் பிழிய வேண்டும். சிரைக்குள் இருக்கும் வால்வுகள் அது திரும்ப வழியாமல் பார்த்துக்கொள்ளும். அசையாமல் உட்கார்ந்தால் அந்தப் பம்பு ஓடாது, கால் கனத்துப்போகும். செய்து பாருங்கள், நிச்சயம் பலிக்கும்.

2 மார்ச், அரை மணி நேரம் கழித்து

“நிச்சயம்” என்று எழுதியது கொஞ்சம் அதிகம். மூன்று மாதமாக டிரில் எடுக்கிறேனே தவிர, பலித்ததா என்று ஒருநாளும் பார்த்ததில்லை. அடுத்த ஞாயிறு பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

9 மார்ச்

பார்த்தேன். டிரில் இல்லாமல் வெறும் இடைவேளை மட்டும் விட்டு, போர்டைத் துடைக்கிற சாக்கில் எண்ணினேன். வந்திருந்தவர்கள் 58. எழுந்தவர்கள் 13.

அந்த 13 பேரில் 11 பேர் நடைபாதை ஓரம் உட்கார்ந்தவர்கள்!

எங்கள் ஹால் ரயில் பெட்டி மாதிரி நீளமானது. நடுவில் ஒரு பாதை, இரண்டு பக்கமும் சுவரை ஒட்டிப் பெஞ்சு. மூன்று பேருக்கான பெஞ்சில் நான்கு பேர். சுவரோரம் இருப்பவர் வெளியே வர வேண்டுமானால் மற்ற மூன்று பேரும் எழுந்து, பையைத் தூக்கி, வழிவிட வேண்டும். திரும்பி வரும்போது இன்னொரு தடவை. யார் கேட்பார்கள்? கல்யாணப் பந்தியில் நடுவில் மாட்டிக்கொண்டவன் கதைதான். சாப்பிட்டு முடித்துக் கை காய்ந்தாலும் வரிசை எழுகிற வரை உட்கார்ந்திருக்க வேண்டும்.

இத்தனை நாளாக நான் இதைச் சோம்பேறித்தனம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். டீச்சர், உங்கள் பிள்ளைகள் எப்படி உட்கார்ந்திருக்கிறார்கள் என்று முதலில் பாருங்கள்.

10 மார்ச்

தோப்புக்கரணம் போட வைக்கச் சொன்னவருக்கு: வேண்டவே வேண்டாம் சார். மூளைக்கு நல்லது என்று வெளிநாட்டில் காசு வாங்கிக்கொண்டு சொல்லித் தருகிறார்கள், தெரியும். ஆனால் நம் ஊர்க்காரர்களுக்குப் பிள்ளையார் முன்னால் போட்டால்தான் அது பக்தி. வாத்தியார் முன்னால் போட்டால் வீட்டுப்பாடம் எழுதாத கேஸ்.

கேலியாகத்தான் எழுத ஆரம்பித்தேன், ஆனால் யோசித்தால் விஷயம் இருக்கிறது. நம் பள்ளிக்கூடத்தில் உடம்பை அசைத்த சந்தர்ப்பங்களை எண்ணிப் பாருங்கள். பெஞ்ச் மேல் ஏறி நில். முட்டி போடு. கிரவுண்டைப் பத்து சுற்று ஓடு. வெளியே போய் நில். எல்லாமே தண்டனை. நல்ல பையன் என்றால் அசையாமல் உட்கார்ந்தவன், கையைக் கட்டி, வாயைப் பொத்தி. அசைவதற்கென்று இருந்த ஒரே பி.இ.டி. பீரியடையும் கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கொள்வார், திருப்பித் தந்ததாகச் சரித்திரம் கிடையாது. (நானும் கணக்குதான். அந்தப் பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு.) அப்படிப் பன்னிரண்டு வருஷம் பழக்கிவிட்டு, இருபத்தைந்து வயதில் “எழுந்து நடங்களேன்” என்றால் சிரிக்காமல் என்ன செய்வார்கள்?

16 மார்ச்

2-ஆம் தேதி எழுதியதை வாபஸ் வாங்குகிறேன்.

இன்று வகுப்பு முடிந்ததும் ஒரு மாணவி தனியாக வந்து, “சார், அந்த எக்சர்சைஸ் இனிமேல் கிடையாதா?” என்றார். பிடித்திருந்தது போல என்று நினைத்து, வேண்டுமானால் மறுபடி ஆரம்பிக்கலாம்மா என்றேன். “ஐயோ, வேண்டாம் சார்” என்றார். குழந்தை பிறந்து ஐந்து மாதம், ஆபரேஷன். இடுப்பைத் திருப்பும்போதெல்லாம் தையல் போட்ட இடம் இழுக்குமாம். சேலை கட்டிக்கொண்டு, இந்தப் பக்கம் முப்பது பையன்கள் இருக்க, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்க வேறு சொல்லியிருக்கிறேன். சிரித்தது கூச்சத்தில். எனக்கு அது உற்சாகமாகத் தெரிந்திருக்கிறது.

அவர் போன பிறகுதான் முன்பெஞ்சுத் தம்பி ஞாபகத்துக்கு வந்தான். ஒரு காலில் கேலிப்பர் (காலைத் தாங்கும் கம்பிச் சட்டம்) போட்டிருப்பவன். நான் “எல்லாரும்” என்று சத்தம் போட்ட ஒவ்வொரு ஞாயிறும் டெஸ்க்கைப் பிடித்துக்கொண்டு எழுந்து, ஐந்து நிமிஷமும் நின்றிருக்கிறான். ஒரு வார்த்தை சொன்னதில்லை. இன்று ஃபோனில் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். “பரவால்ல சார், பழகிடுச்சு” என்றான். அந்தப் பதில் இன்னும் உள்ளே கிடக்கிறது.

டிரில் ஒழிந்தது. இனி யாரையும் எழுப்பப்போவதில்லை.

18 மார்ச்

இதைக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டும்.

நடந்ததையெல்லாம் வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். மனைவி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். “அங்க பாத்ரூம் எங்க இருக்கு?”

எங்கள் ஹால் இரண்டாவது மாடியில். கழிப்பறை கீழே, கட்டடத்துக்குப் பின்னால், கடைக்காரர்களுக்கும் எங்களுக்கும் பொது. சாவி டெய்லர் அண்ணன் கடையில் தொங்கும். அவர் தங்கமானவர்தான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை அங்கே நாலைந்து ஆண்கள் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருப்பார்கள். அவர்களைத் தாண்டிப் போய், “அண்ணே, சாவி” என்று கேட்டு வாங்க வேண்டும். திரும்பக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். எனக்கு இதில் ஒரு கஷ்டமும் தெரிந்ததில்லை, நானே தினமும் வாங்குகிறேன்.

“அப்போ ஒரு பொண்ணும் தண்ணி குடிச்சிருக்க மாட்டா” என்றாள் மனைவி.

இன்று மாலை வகுப்பில் பெண்கள் கொஞ்சம் பேர்தான் இருந்தார்கள், மெதுவாகக் கேட்டேன். முதலில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் ஒருவர் சொன்னார்: ஞாயிறு காலையில் வீட்டில் அரை டம்ளர் காபி, அதற்குப் பிறகு இரண்டு மணிக்கு வீட்டுக்குப் போய்த்தான் தண்ணீர். இன்னொருவர் 7 மணி பஸ்ஸைப் பிடித்து வருகிறவர். அவர் காபியும் குடிப்பதில்லை. பாட்டில் எல்லோரிடமும் இருக்கிறது, டெஸ்க் மேல் வரிசையாக நிற்கும். யாரும் திறப்பதில்லை.

யோசித்துப் பாருங்கள். தண்ணீர் குடிக்கவில்லை, ஆகவே கழிப்பறைக்குப் போகத் தேவையில்லை, ஆகவே எழுந்திருக்கக் காரணமே இல்லை. 12 மணிக்குத் தலைவலி. நான் அதைக் கூட்டுவட்டியால் வந்த தலைவலி என்று நினைத்து இன்னும் இரண்டு கணக்கு கூடப் போடுவேன்.

2019-இல் கேரளப் பள்ளிகளில் தண்ணீர் குடிக்கவென்று தனியாக மணி அடிக்க ஆரம்பித்தபோது, இதற்கெல்லாமா மணி என்று சிரித்தவன் நான். இப்போது சிரிப்பு வரவில்லை. ஆனால் மணி மட்டும் அடித்துவிட்டு, சாவி டெய்லர் கடையிலேயே தொங்கினால் என்ன ஆகும் என்றும் தோன்றுகிறது.

19 மார்ச்

சாவியை இடம் மாற்றியாயிற்று. இனி எங்கள் வாசல் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் தொங்கும், யாரிடமும் கேட்க வேண்டாம். டெய்லர் அண்ணன், “இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே சார், எனக்கும் தொல்லை விட்டுது” என்றார். கழிப்பறையை வாரம் ஒருமுறை கழுவ ஆள் வைக்கவும் சென்டரில் பேசியிருக்கிறேன். பார்ப்போம் என்றார்கள். பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கே தெரியும்.

30 மார்ச்

செய்த மாற்றங்கள், ஞாபகத்துக்கு வந்த வரிசையில். 20 லிட்டர் தண்ணீர் கேன் முன்னால் என் மேஜைக்குப் பக்கத்தில் இருந்தது. வாத்தியார் பக்கத்தில் வந்து குனிந்து தண்ணீர் பிடிக்க யாருக்கு மனசு வரும்? அதைக் கடைசியில், மாடிப்படி வாசலுக்குத் தள்ளிவிட்டேன். பெஞ்சுகளைச் சுவரிலிருந்து ஓர் ஆள் நுழையும் அளவுக்கு இழுத்துப்போட்டேன். நடுப்பாதை குறுகிப்போனது, ஆனால் சுவரோரத்துக்காரர் பின்பக்கமாக நழுவி வெளியே வந்துவிடலாம். வாராந்திரத் தேர்வின் ஆன்சர் கீயை வாசிப்பதை நிறுத்திவிட்டுப் பின்சுவரில் ஒட்டினேன். வேண்டியவர் போய்ப் பார்க்கட்டும்.

யாரிடமும் “நடங்கள்” என்று சொல்லவில்லை. இன்று எழுந்தவர்கள் நாற்பதுக்கு மேல். அதற்குப் பிறகு எண்ண முடியவில்லை, கேனைச் சுற்றிக் கூட்டம்.

6 ஏப்ரல்

கர்வம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை.

பின்சுவரில் ஒட்டிய ஆன்சர் கீயை ஒரு தம்பி போய் ஃபோட்டோ எடுத்து, பேட்ச் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டான். ஐம்பத்தேழு பேர் உட்கார்ந்த இடத்திலேயே பார்த்துக்கொண்டார்கள். சேவை மனப்பான்மையைத் திட்டவும் முடியாது. நான்கு தாளாகப் பிரித்து நான்கு மூலையில் ஒட்டலாமா என்று யோசித்தேன். நான்கு ஃபோட்டோ எடுப்பான், அவ்வளவுதான்.

13 ஏப்ரல்

ஆன்சர் கீயை விட்டுவிட்டேன். இப்போது பின்பக்கப் போர்டில் 1 முதல் 25 வரை எண் மட்டும் எழுதி வைக்கிறேன். தப்பாகப் போன கணக்கு எதுவோ அந்த எண்ணுக்கு எதிரே அவரவர் போய் ஒரு கோடு போட வேண்டும். கோடு அதிகம் விழுந்த மூன்று கணக்கைத்தான் இடைவேளைக்குப் பிறகு நடத்துவேன். தன் கணக்கு நடத்தப்பட வேண்டுமானால் எழுந்து போகத்தான் வேண்டும், அதை யாரும் ஃபார்வேர்டு செய்ய முடியாது. இதில் எனக்கு லாபம், யாருக்கு எங்கே உதைக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. கையைத் தூக்கிச் சந்தேகம் கேட்காதவர்கள் கோடு போட வருகிறார்கள்.

கேலிப்பர் தம்பிக்கு என்ன செய்வது என்று தயங்கி, அவனிடமே கேட்டேன். “சார், நான் கடைசி பெஞ்சுக்கு மாறிக்கிறேன், எனக்கு முன்னாடி உட்கார ஆசையே இல்ல, நீங்கதான் உட்கார வெச்சீங்க” என்றான். சரிதான்.

20 ஏப்ரல்

இன்று கணக்கு இல்லை, தமிழ் வகுப்பு. ஒரு யோசனை தோன்றியது. மாணவனாகப் போய் மூன்றாவது பெஞ்சில் சுவரோரம் உட்கார்ந்தேன். முழு நேரமும்.

முக்கால் மணி வரை பிரமாதம். அப்புறம் முதுகு. 10.45-க்கு வலது கால் மரத்துப்போனது. சாய்மானம் இல்லாத பெஞ்சு என்பதை நான்கு வருஷமாக அங்கே நின்று பாடம் நடத்துகிற நான் இன்றுதான் கவனித்தேன். 11.30-க்குத் தமிழய்யா யாப்பிலக்கணம் நடத்தும்போது எனக்குத் தலை ஆடியது. நல்ல வாத்தியார் அவர், குற்றம் அவருடையது இல்லை.

அப்போதுதான் உறைத்தது. அந்த ஹாலில் மூன்றரை மணி நேரமும் நடக்கிற ஒரே ஆள் வாத்தியார்தான். போர்டுக்கும் மேஜைக்கும் நடக்கிறோம், கையை வீசுகிறோம், நினைத்தபோது தண்ணீர் குடிக்கிறோம். 1 மணிக்கு நாம் புதுசாக இருப்போம். எதிரே இருப்பவர்கள் தூங்கினால் நமக்குக் கோபம் வருகிறது.

27 ஏப்ரல்

லண்டன் பஸ் ஆய்வை ஒருவர் குறிப்பிட்டிருந்தார். ஆமாம், 1953-இல் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் குழுவோடு சேர்ந்து வெளியிட்டது. இரட்டை மாடி பஸ்ஸில் உட்கார்ந்தே இருக்கும் டிரைவர்களைவிட, நாள் முழுக்க மாடிப்படி ஏறி இறங்கும் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு குறைவு என்று கண்டார்கள்.

என் அப்பா கண்டக்டர், முப்பத்தோரு வருஷம். இதை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு வேட்டியைக் கொஞ்சம் தூக்கிக் காலைக் காட்டினார். முழங்காலுக்குக் கீழே நீலமாக நரம்பு சுருட்டிக்கொண்டு கிடக்கும், சின்ன வயதிலிருந்து நான் பார்ப்பதுதான். “அந்த லண்டன் கண்டக்டருக்கு இது வந்துதா இல்லையான்னு கேட்டு எழுது” என்றார்.

கிண்டல்தான், ஆனால் நியாயமான கிண்டல். நம் டவுன் பஸ்ஸில் கூட்டத்தில் நசுங்கிக்கொண்டு மணிக்கணக்காக நிற்பது வேறு, படி ஏறுவது வேறு. ஒரே இடத்தில் நின்றாலும் கெண்டைக்கால் பம்பு ஓடுவதில்லை. ஆகவே பிள்ளைகளை எழுப்பி நிற்க வைத்தால் போதும் என்று நினைப்பவர்கள் அப்பாவின் காலை நினைத்துக்கொள்ளவும்.

4 மே

அக்னி நட்சத்திரம் இன்று ஆரம்பம். படி வாசலுக்கு மேலே தகரக் கூரை. தண்ணீர் கேனே வெந்நீர் ஆகிவிட்டது. ஒருவரும் மின்விசிறியை விட்டு நகரவில்லை. நானும்தான்.

11 மே

கேனைத் திரும்ப உள்ளே கொண்டுவந்து பின்பெஞ்சு மூலையில் வைத்தோம். ஒரு மாணவி வீட்டிலிருந்து மண்பானை கொண்டுவந்திருக்கிறார். இப்போது கேனை யாரும் சீண்டுவதில்லை, பானைக்குத்தான் வரிசை.

பத்து நிமிஷ இடைவேளை ஒன்றுக்குப் பதிலாக ஆறு ஆறு நிமிஷமாக இரண்டு விடுகிறேன், 10.30-க்கும் 11.45-க்கும். பத்து நிமிஷம் என்றால் பையன்கள் டீக்கடைக்கு இறங்கி இருபது நிமிஷம் ஆக்கிவிடுகிறார்கள். ஆறு நிமிஷத்தில் டீக்கடை முடியாது, பானையும் போர்டும் முடியும். ஃபின்லாந்துப் பள்ளிகளில் 45 நிமிஷப் பாடத்துக்கு 15 நிமிஷம் விடுகிறார்கள் என்று சென்டரில் சொல்லிப் பார்த்தேன். “ஃபின்லாந்துல குரூப் 4 இருக்கா சார்?” என்று கேட்டார்கள்.

25 மே

எதிர்ப்பு ஒன்று வந்திருக்கிறது, நல்ல எதிர்ப்பு. தேர்வே மூன்று மணி நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்து எழுதுவது. 9 மணிக்கே உள்ளே இருக்க வேண்டும், 9.30 முதல் 12.30 வரை 200 கேள்வி. அதில் யாரும் பானை வைக்கமாட்டார்கள். உட்காரப் பழக்க வேண்டிய வாத்தியாரே எழுப்பிவிட்டால் எப்படி?

இரண்டு நாள் யோசித்தேன். பாதி ஒத்துக்கொள்கிறேன். பாடம் கேட்பதும் தேர்வு எழுதுவதும் ஒன்று இல்லை. எழுதும்போது கை ஓடுகிறது, நேரம் துரத்துகிறது, தூக்கம் வராது. அதனால் மாதிரித் தேர்வு நடக்கும் ஞாயிறுகளில் இனி இடைவேளை கிடையாது. ஆனால் அதற்கு முந்தைய அரை மணி நேரம் முக்கியம். தண்ணீர், கழிப்பறை, மாடிப்படியில் இரண்டு தடவை ஏறி இறங்குவது. உள்ளே போனபின் ஐம்பது கேள்விக்கு ஒருமுறை பெஞ்சுக்கு அடியில் குதிகாலைத் தூக்கி இறக்கினால் கண்காணிப்பாளர் எதுவும் சொல்லமாட்டார். பழைய டிரில்லில் உருப்படியான விஷயம் அது ஒன்றுதான், யாருக்கும் தெரியாமல் செய்யலாம்.

“கால் வலிக்கிறதா?” என்று இன்று கேட்டதற்குப் பின்பெஞ்சிலிருந்து, “E, விடை தெரியவில்லை சார்” என்று பதில் வந்தது. (தேர்வில் ஒவ்வொரு கேள்விக்கும் கடைசி விடை அதுதான்.) வகுப்பு தூங்கவில்லை என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

8 ஜூன்

டீச்சர் திரும்ப வந்து எழுதியிருக்கிறார். பிள்ளைகளைத் தரையில் பாய் போட்டு உட்கார வைத்திருக்கிறாராம், அதனால் என் பெஞ்சுக் கதை எதுவும் பொருந்தவில்லை என்கிறார். சம்மணம் போட்டு மூன்றரை மணி நேரமா! முதல் நாளே கேட்டிருக்க வேண்டும் நான். இடைவேளையில் பாயைத் திருப்பிப் போட வைத்து, போர்டை எதிர்ச்சுவருக்கு மாற்றிக்கொள்கிறாராம், எல்லோரும் எழுந்தே ஆக வேண்டும். பின்வரிசை முன்வரிசை ஆகிவிடுகிறது. என் கோடு போடும் வித்தையைவிட இது எளிது, திருடிக்கொள்ளப்போகிறேன்.

13 ஜூலை

நேற்று தேர்வு முடிந்தது. கேள்வித்தாள் பற்றிப் பேச ஆரம்பித்தால் இந்த இழை தாங்காது, தமிழ்ப் பகுதியைப் பார்த்துத் தமிழய்யாவே பெருமூச்சு விட்டார்.

சேலையில் கை தூக்கச் சொன்னேனே, அந்த மாணவி ஃபோன் செய்தார். தேர்வு மையத்தில் இரண்டு தடவை குதிகாலைத் தூக்கி இறக்கியதாகச் சொன்னார். நான் பெருமைப்படுவதற்குள், “காலையிலேயே தண்ணி குடிச்சுட்டுப் போனேன் சார், அங்க பாத்ரூம் நல்லா இருந்துது” என்றார்.

அடுத்த பேட்ச் ஆகஸ்டில். சாவிக்கு இரண்டு நகல் அடித்துவிட்டேன். ஒன்று ஆணியில், ஒன்று என் மேஜையில், அசல் டெய்லர் அண்ணனிடம். கழுவ ஆள் வைப்பது இன்னும் பார்ப்போம்தான்.